யென் குறியை எடுக்க 4,800 ரூபாய்: ஜப்பான் லேப்டாப் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

அத்தான் ஜப்பானில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியபோது, அங்கே பயன்படுத்திய லேப்டாப்பை எனக்குக் கொடுத்தார். விண்டோஸ் 10, நல்ல மெஷின். நான் வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். எட்டு மாதமாகக் கேள்வித்தாள், மார்க் கணக்கு எல்லாம் அதில்தான். வந்த முதல் வாரமே செட்டிங்ஸில் ஆங்கிலத்தைச் சேர்த்து, டிஸ்ப்ளே மொழியை நானே மாற்றிக்கொண்டேன்.

மெனுக்கள் எல்லாம் ஆங்கிலத்துக்கு வந்துவிட்டன. ஆனால் சில மிச்சங்கள் போகவே இல்லை. ஆன் செய்ததும் வரும் லாகின் திரையில் ஜப்பானிய எழுத்து. ஃபோல்டர் முகவரியில் \ இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் ¥, அதாவது ஜப்பானின் யென் பணக் குறி. தேதியில் ஆண்டு முதலில் வந்து, நடுநடுவே ஜப்பானிய எழுத்து. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்து முறையில் அடித்து வைத்திருந்த தமிழ்க் கேள்வித்தாள்களை அதற்கான பழைய சாஃப்ட்வேரில் திறந்தால், ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. பக்கம் முழுக்க ஜப்பானியக் கோலம். பரீட்சை நெருங்குகிற நேரம். அதனால்தான் பயந்துபோய் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன்.

கடைக்காரர் இரண்டு நிமிடம் பார்த்தார். "மேடம், இது ஜப்பான் போர்டு. பயாஸ்லயே ஜப்பான் மொழி ஏறியிருக்கு. அதை அடிச்சு எடுக்கணும், நாலாயிரத்து எண்ணூறு ஆகும்" என்றார். பயாஸ் என்பது லேப்டாப்பை ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்னால் ஓடும், போர்டிலேயே பதிந்திருக்கும் சின்ன புரோகிராம். கீபோர்டையும் மாற்றச் சொன்னார், அதற்குத் தனியாக 2,200. ஷிஃப்ட்டோடு 2 அழுத்தினால் கட்டையில் அச்சாகியிருக்கும் மேற்கோள் குறிக்குப் பதில் @ வருகிறதாம், அதனால் கீபோர்டு பழுதாம். கீபோர்டு வேண்டாம் என்றேன். "ஃபைல் எல்லாம் அப்படியே இருக்கும்ல?" என்று இரண்டு தடவை கேட்டேன். "ஒண்ணும் ஆகாது" என்றார். நம்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒன்பது நாள் கழித்துக் கையில் கிடைத்த லேப்டாப்பில் என் ஃபைல் ஒன்றுகூட இல்லை. அவர்கள் செய்தது இதுதான்: டிஸ்க்கின் ஒரு மூலையில் கம்பெனி வைத்திருக்கும் ரெக்கவரி பகுதியிலிருந்து விண்டோஸை மறுபடி போட்டிருக்கிறார்கள். அது ஜப்பானில் விற்ற மெஷின், அதில் இருக்கும் விண்டோஸும் ஜப்பானிய மொழியில்தான் வரும். வந்ததும் நான் செய்தது போலவே டிஸ்ப்ளே மொழியை ஆங்கிலமாக மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ¥ அப்படியே இருந்தது. லாகின் திரை அப்படியே இருந்தது. கேட்டால், "போர்டையே மாத்தினாத்தான் முழுசா போகும்" என்றார். கொடுத்த பில் ஒரு துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி எண் இல்லை, என்ன வேலை செய்தார்கள் என்றும் அதில் எழுதவில்லை.

அன்று சாயங்காலம் என்னிடம் முன்பு படித்த பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான், இப்போது இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். "மிஸ், பயாஸுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை" என்று சொல்லிவிட்டுப் பத்து நிமிடத்தில் சரிசெய்தான். அதை அப்படியே எழுதுகிறேன்.

கண்ட்ரோல் பேனலில் "ரீஜன்" என்பதைத் திறக்க வேண்டும். முதல் பக்கமான "ஃபார்மேட்ஸ்" என்பதில் இங்கிலீஷ் (இந்தியா) என்று வைத்தால் தேதி சரியாகிவிடும். அப்புறம் கடைசிப் பக்கமான "அட்மினிஸ்ட்ரேட்டிவ்". அதில் "சேஞ்ச் சிஸ்டம் லோகேல்" என்று ஒரு பொத்தான் இருக்கும். அங்கே ஜப்பானீஸ் என்று இருப்பதை இங்கிலீஷ் (இந்தியா) என்று மாற்றி, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். திரும்ப அதே பக்கத்துக்கு வந்து "காப்பி செட்டிங்ஸ்" அழுத்தி, கீழே இருக்கும் இரண்டு கட்டங்களிலும் டிக் போட வேண்டும். ஒன்று லாகின் திரைக்கு, இன்னொன்று இனி உருவாக்கும் புது அக்கவுன்ட்டுகளுக்கு. அவ்வளவுதான். டிஸ்ப்ளே மொழி என்பது நம் அக்கவுன்ட்டின் மெனுக்களை மட்டும் மாற்றும். லாகின் திரையும், யூனிகோடு (எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான முறை) இல்லாத பழைய சாஃப்ட்வேர்களும் வேறு செட்டிங்கைப் பார்த்து நடக்கின்றன.

¥ எங்கிருந்து வந்தது என்பதையும் அவன்தான் விளக்கினான். 1969இல் ஜப்பான் தன் கம்ப்யூட்டர் எழுத்துத் தரத்தை வகுத்தபோது, அமெரிக்க முறையில் \ இருந்த 92ஆம் எண்ணில் யென் குறியை வைத்தார்கள். அந்த வழக்கம் இன்னும் ஜப்பானிய விண்டோஸில் தொடர்கிறது. கொரியாவிலிருந்து வரும் லேப்டாப்பில் அதே இடத்தில் வோன் குறி தெரியும். உள்ளே பதிவாகியிருப்பது \ தான், திரையில் தெரியும் முகம் மட்டும் வேறு. அதனால் ஃபைலுக்கு ஒரு கெடுதலும் இல்லை. ரீஜன் மாற்றங்களைச் செய்த பிறகும், கட்டளைகளை டைப் செய்யும் கறுப்புத் திரையான கமாண்ட் ப்ராம்ப்டில் மட்டும் ¥ நின்றது. அங்கே எம்எஸ் காதிக் என்ற ஜப்பானிய எழுத்துரு தேர்வாகி இருந்ததுதான் காரணம். அதை கன்சோலாஸ் என்ற எழுத்துருவுக்கு மாற்றியதும் போய்விட்டது. கீபோர்டிலும் பழுது எதுவும் இல்லை. விண்டோஸ் அதை அமெரிக்கக் கீபோர்டாக நினைத்து வேலை செய்கிறது, கட்டையில் அச்சாகியிருப்பது ஜப்பானிய வரிசை.

ஒன்று நியாயமாகச் சொல்ல வேண்டும். உங்கள் விண்டோஸ் பெயரிலேயே "சிங்கிள் லாங்குவேஜ்" என்று இருந்தால் டிஸ்ப்ளே மொழியை மாற்ற முடியாது, வேறு விண்டோஸ்தான் போட வேண்டியிருக்கும். என்னுடையது அது இல்லை. யாரிடம் கொடுத்தாலும் முதலில் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டுக் கொடுங்கள். செய்யப்போகும் வேலையைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். என் லேப்டாப்பில் இருப்பது எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் பதியும் டிஸ்க். அதில் ஃபார்மேட் ஆனால், அழிந்த இடத்தை விண்டோஸே உடனே துடைத்துவிடச் சொல்லிவிடுகிறது. மீட்டுத் தரும் கடைகள் இரண்டில் விசாரித்தேன், இருவரும் கைவிரித்துவிட்டார்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப்போகிறேன்; 5 லட்சம் ரூபாய் வரையான விவகாரங்களுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது. புகார் போன பிறகு கடையிலிருந்து போன் வந்தது, 1,500 திருப்பித் தருகிறோம், விட்டுவிடுங்கள் என்று. மறுத்துவிட்டேன். கேள்வித்தாளை இன்னொரு தடவை அடித்துக்கொள்ளலாம். ஆனால் அப்பாவின் எண்பதாம் கல்யாணப் படங்கள் அதில் இருந்தன, போனில் இடமில்லை என்று நானே அங்கே மாற்றிவிட்டுப் போனில் அழித்திருந்தேன். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்கியதில் இதுவரை 63 படங்கள் சேர்ந்திருக்கின்றன. அப்பாவும் அம்மாவும் மாலை மாற்றிக்கொள்ளும் படம் இன்னும் யாரிடமும் கிடைக்கவில்லை.