"நல்லது பண்ணுங்க, சந்தோஷம் தானா ஏறும்"னு சொல்ற மூட் டிராக்கர் ஆப்: கொஞ்ச மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதற ரிவ்யூ

மூட் டிராக்கர் ஆப் எக்கச்சக்கமா இருக்கு, ஆனா இது கொஞ்சம் வேற ரகம். மத்ததெல்லாம் எவ்ளோ நேரம் தூங்குனீங்க, எவ்ளோ நடந்தீங்க, தண்ணி குடிச்சீங்களான்னு கேக்கும், இது "இன்னிக்கு சரியான காரியம் எதாவது செஞ்சீங்களா"ன்னு கேக்குது, அதையும் நம்ம மூடையும் சேத்து வெச்சு கிராஃப் போட்டு காட்டுது. பேர் சொல்லல, ஏன்னா இதே ஐடியால இன்னும் சில ஆப் வந்துருச்சு, நான் சொல்ல வர்றதும் அந்த ஐடியாவ பத்திதான். நேர்மையா நடந்தா சந்தோஷமா இருக்க முடியுமாங்கறது மனுஷன் ஆயிரக்கணக்கான வருஷமா கேட்டுட்டு இருக்கற கேள்வி, அதுக்கு ஒரு ஆப் வந்து கிராஃப்ல பதில் சொல்றேன்னு நின்னா அத மூணு வரில ரிவ்யூ பண்ணிட்டு போக எனக்கு மனசு வரல, அதனால நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

எப்படி வேலை செய்யுதுன்னா, ஒரு நாளைக்கு பல தடவ நோட்டிஃபிகேஷன் வரும், அஞ்சு மூஞ்சி இருக்கும், அழுவற மூஞ்சில ஆரம்பிச்சு பல்லெல்லாம் தெரியற மூஞ்சி வரைக்கும், ஒண்ண தொடணும். ராத்திரி மட்டும் ஒரு கட்டம் தொறக்கும், அன்னிக்கு செஞ்ச நல்லத டைப் பண்ணணும். வார கடைசில ரெண்டு கோடு, நீலம் மூடு, பச்சை நல்ல காரியம். ரெண்டும் சேந்து ஏறினா கீழ ஒரு வரி வரும், "நல்லது செஞ்ச நாள்ல நீங்க அதிக சந்தோஷமா இருந்தீங்க"ன்னு.

முதல்ல நல்லத சொல்லிடறேன், ஏன்னா அது நிஜமாவே இருக்கு. சின்னச் சின்ன உதவிக்கு இந்த ஆப் ரொம்ப நல்லா வேலை செய்யுது. வழி கேட்டவங்கள கூடவே கூட்டிட்டு போய் விடறது, ரொம்ப நாளா பேசாத ஒரு சித்தப்பாக்கு போன் போடறது, கூட வேலை பாக்கறவங்களோட ஷிஃப்ட்ட நாம எடுத்துக்கறது, இந்த மாதிரி. ஞாபகப்படுத்தலன்னா நாம செய்ய மாட்டோம், செஞ்சா மனசு நெறயுது, அதுல சந்தேகமே இல்ல. 2008ல சயின்ஸ் பத்திரிகைல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, ஆளுங்க கைல 5 டாலரோ 20 டாலரோ குடுத்து, பாதி பேர தங்களுக்கு செலவு பண்ண சொன்னாங்க, மீதி பேர அடுத்தவங்களுக்கு செலவு பண்ண சொன்னாங்க, சாயங்காலம் கேட்டா அடுத்தவங்களுக்கு செலவு பண்ணவங்கதான் அதிக சந்தோஷத்துல இருந்தாங்க, தொகை அஞ்சா இருபதாங்கறது ஒரு வித்தியாசமும் பண்ணல. வெளில இருந்தவங்கள யாரு சந்தோஷமா இருப்பாங்கன்னு நெனைக்கறீங்கன்னு கேட்டதுக்கு பெரும்பாலும் தலைகீழா சொன்னாங்களாம். வள்ளுவர் "ஈத்துவக்கும் இன்பம்"னு ரெண்டே வார்த்தைல வெச்சது இதத்தான். இந்த ஆப் அந்த இன்பத்த கண்ணுக்கு தெரியற மாதிரி பண்ணுது, அதுக்காகவே அத டிலீட் பண்ண எனக்கு மனசு வரல.

கிராஃப்ல ஒரு சின்ன விஷயம் கவனிங்க, எது முன்னாடி எது பின்னாடின்னு அது சொல்லாது. நல்ல மூடுல இருக்கறப்ப யாருக்கும் உதவி பண்ண தோணும், தூக்கம் கெட்டு தலைவலியோட இருக்கறப்ப வீட்ல இருக்கறவங்க கேக்கறதுக்கே பதில் சொல்ல தோணாது. ரெண்டு கோடும் சேந்து போறத வெச்சு இதனாலதான் அதுன்னு முடிவு கட்டக்கூடாது. ஆனா கீழ வர்ற அந்த ஒரு வரி அப்படித்தான் முடிவு கட்டுது.

இனிமே சொல்லப் போறதுதான் எனக்கு முக்கியம்.

ஆபீஸ்ல ஒரு ரிப்போர்ட். டேட்டா லேட்டா போனதுக்கு காரணம் எங்க டீம், ஆனா மெயில்ல புதுசா சேந்த ஒரு பொண்ணு பேர்ல தள்ளி விட்டிருந்தாங்க, அந்தப் பொண்ணு அந்த ரிப்போர்ட் பத்தி பேசின மீட்டிங் கால்ல கூட இல்ல. எல்லாரும் ஓகேன்னு ஒரு ரிப்ளை போட்டுடுங்கன்னு மேனேஜர் சொன்னார். நான் போடல, "சார், ஃபைல் நம்ம கிட்டதான் நின்னுச்சு, அவங்க பேர எடுத்துடுங்க"ன்னு அதே மெயில்ல எழுதிட்டேன். பேர எடுத்தாங்க. அதுக்கப்புறம் மேனேஜர் வந்து "தனியா என்கிட்ட சொல்லிருக்கலாமே"ன்னு மட்டும் சொன்னார், லஞ்சுக்கு கூப்பிடறவங்க அன்னிக்கு கூப்பிடல, மறுநாளும் கூப்பிடல. ராத்திரி போன் அதிர்ந்துச்சு, அதே அஞ்சு மூஞ்சி, நான் கீழ இருந்து ரெண்டாவத தொட்டேன், ஏன்னா அதுதான் உண்மை. ஒடனே ஒரு பச்சை இலை படத்தோட ஒரு வரி வந்துச்சு: "மனசு சோர்வா இருக்கா? ஒரு நல்ல காரியம் செஞ்சு பாருங்க, சரியாயிடும்!"

அந்த வரி என்ன ரொம்ப நேரம் தூங்க விடல. அந்த வருஷத்துலயே நான் செஞ்ச சரியான காரியம் அதுதான், அதனாலதான் மனசு சோர்ந்து கெடக்கு, இந்த ஆப்புக்கு அத வைக்க இடமே இல்ல. அதோட கணக்குல நல்லது செஞ்சா மூஞ்சி சிரிக்கணும், சிரிக்கலன்னா நல்லது இன்னும் பத்தலன்னு அர்த்தம்.

இத்தனைக்கும் இதே முறைல, போன்ல அப்பப்ப கேட்டு, 2014ல ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்திருக்கு. அமெரிக்கா, கனடால 1252 பேர மூணு நாள், நாளைக்கு அஞ்சு தடவ, கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி எதாவது நல்லது கெட்டது செஞ்சீங்களா, உங்களுக்கு யாராவது செஞ்சாங்களா, பாத்தீங்களா, கேள்விப்பட்டீங்களான்னு கேட்டாங்க. வந்த முடிவு என்னன்னா, சந்தோஷத்த அதிகமா ஏத்தி எறக்கறது அடுத்தவங்க நமக்கு செய்யற நல்லதும் கெட்டதும்தான். நாம செய்யற நல்லதும் கெட்டதும் அதிகமா தொடறது வேற ஒண்ண, வாழ்க்கைக்கு ஒரு அர்த்தம் இருக்குங்கற உணர்வ. அதாவது அன்னிக்கு நிஜமா சந்தோஷம் கூட வேண்டியது அந்தப் பொண்ணுக்கு, எனக்கு கூட வேண்டியது வேற. அந்த வேற ஒண்ண கேக்க இந்த ஆப்ல ஒரு கட்டம் கூட இல்ல.

இன்னும் பெருசா போனா இது இன்னும் தெளிவா தெரியும். 1986 ஜனவரி, அமெரிக்காவோட சேலஞ்சர் விண்கலம். ராஜர் பாய்ஸ்ஜோலின்னு ஒரு இஞ்சினியர், ராக்கெட்டோட ஜாயிண்ட்ல இருக்கற ரப்பர் வளையம் குளிர்ல சரியா சீல் ஆகாதுன்னு அவருக்கு தெரியும், 1985லயே மெமோ எழுதிட்டார், கிளம்பறதுக்கு மொத நாள் ராத்திரி அவரும் கூட இருந்த இஞ்சினியர்ஸும் வேண்டாம் வேண்டாம்னு வாதாடினாங்க, மேல இருந்தவங்க கேக்கல. கிளம்பி 73 செகண்ட்ல வெடிச்சு சிதறிச்சு, ஏழு பேர் போய்ட்டாங்க. அப்புறம் விசாரணை கமிஷன் முன்னாடி நடந்தத நடந்தபடி சொன்னார், அதுக்கு பரிசா கூட வேலை பாத்தவங்களே அவர ஒதுக்கினாங்க, ஒடம்பும் மனசும் ஒடைஞ்சு வேலைய விட்டு வெளிய வந்தார். இவர் எந்த மூஞ்சிய தொட்டிருப்பார்? சரியானத செஞ்சா சந்தோஷம் வரும்னு யாராவது அவர் முன்னாடி நின்னு சொல்ல முடியுமா? ஆனா கதை அங்க முடியல, அப்புறம் பல வருஷம் காலேஜ் காலேஜா போய் இஞ்சினியரிங் படிக்கற பசங்க கிட்ட இதப் பத்தி பேசினார், 1988ல அறிவியல் பொறுப்புக்காக ஒரு பெரிய விருதும் வந்துச்சு. அத சந்தோஷம்னு எழுத எனக்கு தைரியம் இல்ல. ஆனா வாயத் தொறக்காம இருந்துட்டு அந்த 73 செகண்ட டிவில பாத்திருந்தா அவர் எப்படி வாழ்ந்திருப்பார்னும் யோசிக்கறேன்.

இன்னொரு பக்கமும் இருக்கு. ஃபிரான்சஸ் கெல்சி, அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு துறைல 1960ல வேலைக்கு சேந்த ஒடனே தாலிடோமைட் மருந்துக்கு பர்மிஷன் கேட்டு ஃபைல் வருது, ஆதாரம் பத்தலன்னு திருப்பித் திருப்பி அனுப்பினாங்க, கம்பெனி எவ்ளோ நெருக்கியும் அசையல. கர்ப்பமா இருந்தவங்க சாப்பிட்ட அந்த மருந்தால மத்த நாட்டுல ஆயிரக்கணக்கான கொழந்தைங்க கை கால் சரியா வளராம பொறந்தது அப்புறம்தான் ஒலகத்துக்கு தெரிஞ்சுது, 1962ல கென்னடி கையால விருது, 101 வயசு வரைக்கும் நல்லபடியா இருந்தாங்க. பாய்ஸ்ஜோலி, கெல்சி ரெண்டு பேரும் செஞ்சது ஒண்ணுதான், பிடிவாதமா நின்னாங்க. நிக்கற அன்னிக்கு இது எங்க போய் முடியும்னு ரெண்டு பேருக்குமே தெரியாது.

வள்ளுவர் இத மறைக்கல. "அறத்தான் வருவதே இன்பம்"னு சொன்ன அதே ஆள்தான் பொறாமைக்காரன் நல்லா இருக்கறதும் நேர்மையானவன் கெட்டுப் போறதும் யோசிச்சு பாக்க வேண்டிய விஷயம்னு 169வது குறள்ல சொல்றார். அந்த முதல் குறளையும் நிதானமா படிங்க, அறம் வழியா வர்றது மட்டும்தான் இன்பம்னு சொல்றார், அறம் செஞ்சா இன்பம் வந்தே தீரும்னு அவர் எழுதிக் குடுக்கல. ரெண்டும் வேற. ஆப் போட்டுருக்கறது ரெண்டாவது.

ஆப்புக்கு திரும்ப வர்றேன். எனக்கு சுத்தமா பிடிக்காதது ஸ்ட்ரீக். விடாம நல்லது செஞ்சா ஒரு நெருப்பு படம் பக்கத்துல நம்பர் ஏறிட்டே போகும். காலைலயே ஒரு சின்ன உதவிய பண்ணி டைப் பண்ணிட்டா அன்னிக்கு கோட்டா முடிஞ்சுது, மீதி நாள் பூரா மனசு லேசா கை விட்டுடுது, நாமதான் ஏற்கனவே பண்ணிட்டோமேன்னு. நான் மேல சொன்ன 2014 ஆராய்ச்சிலயும் இது வருது, முன்னாடி ஒரு நல்லது செஞ்சவங்க அதே நாள்ல அப்புறம் கொஞ்சம் சறுக்கறது தெரிஞ்சுது. ஷேர் பட்டன் அத விட மோசம். கண்ணுக்கு தெரியாம ஆக்கற ஒரு மோதிரம் கெடச்சா யாராவது நேர்மையா இருப்பாங்களான்னு ஒரு கேள்விய பிளேட்டோ தன் எழுத்துல வெச்சிருக்கார், அதுக்கு அவர் சொல்ற பதில் அநியாயம் பண்றவனோட மனசுக்குள்ளயே ஒண்ணுக்கொண்ணு சண்டை, அவனுக்கு நிம்மதி கெடையாதுங்கறது. யாரும் பாக்காதப்ப செய்யறதுலதான் இந்த விஷயத்தோட உயிரே இருக்கு, அத போய் ஸ்டேட்டஸ்ல போட சொன்னா என்ன மிச்சம்?

அதுக்கும் மேல, கேட்டுக்கிட்டே இருக்கறது. சந்தோஷமா இருக்கோமான்னு நம்மள நாமே கேட்டா அந்த நிமிஷமே அது நழுவிடும்னு ஜான் ஸ்டூவர்ட் மில்னு ஒரு இங்கிலாந்து தத்துவ அறிஞர் தன் சுயசரிதைல எழுதினார், அது வெளிவந்தது 1873ல. 2011ல சைக்காலஜி ஆளுங்களும் சந்தோஷத்துக்கு ரொம்ப முக்கியத்துவம் குடுக்கறவங்க, நல்ல சூழ்நிலைல கூட, கம்மியாதான் சந்தோஷப்படறாங்கன்னு கண்டாங்க. இது என் அனுபவத்துல அப்படியே பொருந்துச்சு. ஆஸ்பத்திரில ஒரு ஃப்ரெண்டோட அம்மாக்கு தொணையா ஒக்காந்திருந்தேன், அவங்க என் கைய பிடிச்சுட்டே தூங்கிட்டாங்க, அப்ப பாத்து போன் அதிருது, "இப்ப எப்படி ஃபீல் பண்றீங்க?" அது வரைக்கும் நான் அவங்க மூச்ச பாத்துட்டு இருந்தேன், அதுக்கப்புறம் என்னையே பாக்க ஆரம்பிச்சுட்டேன். அன்னிக்கே பகல் நோட்டிஃபிகேஷன் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டேன்.

நேர்மையா நடக்கறதுல கெடைக்கற பெரிய லாபம் சிரிக்கற மூஞ்சில இல்லன்னு நான் நெனைக்கறேன். ராத்திரி படுத்தா எதுவும் குத்தாது, யார பாத்தாலும் கண்ண தாழ்த்த வேண்டாம், எந்தப் பொய்ய யார்கிட்ட சொன்னோம்னு ஞாபகம் வெச்சுக்க வேண்டாம். பொய் சொன்னா தன் நெஞ்சே தன்ன சுடும்னு குறள்ல இருக்கே, அந்த சூடு இல்லாம இருக்கறது. ஆனா இல்லாத ஒரு வலிய எந்த மூஞ்சியால காட்டறது? சந்தோஷம்ங்கறது ஒரு நாள் கணக்கு இல்ல, முழு வாழ்க்கையோட கணக்குன்னு அரிஸ்டாட்டில் சொன்னதும் இங்கதான் ஒதவுது. அந்த மெயில் விஷயத்துல எனக்கு இன்னிக்கு வரைக்கும் குதிச்சு கூத்தாடற சந்தோஷம் எதுவும் வரல, ஆனா அந்தப் பொண்ணு லிஃப்ட்ல வந்தா நான் சாதாரணமா "எப்படிம்மா இருக்க"ன்னு கேக்க முடியுது, கேக்கறப்ப எனக்கு உள்ள எதுவும் இடறல.

டெக்னிக்கலா பெருசா கொறை இல்ல. பேட்டரி கொஞ்சமா தின்னுது, இன்டர்நெட் இல்லாமயும் எழுதலாம், பாஸ்வேர்டு லாக் இருக்கு, அது ரொம்ப அவசியம், ஏன்னா இதுல எழுதறது நம்ம உள்மனசு. பழைய என்ட்ரிய தேடற வசதி மட்டும் மோசம்.

யாருக்கு சொல்லுவேன்னா, வேலை வீடுன்னு ஓடி ஓடி பக்கத்துல இருக்கற மனுஷங்களயே மறந்துட்டோம்னு தோணறவங்க தாராளமா போடுங்க, ராத்திரி எழுதற கட்டம் மட்டும் போதும், ஸ்ட்ரீக்க செட்டிங்ஸ்ல போய் மறைச்சுடுங்க. ஆனா இப்ப நீங்க எதாவது ஒரு கஷ்டமான உண்மைய சொல்லலாமா வேண்டாமான்னு தவிச்சுட்டு இருந்தீங்கன்னா, தயவுசெஞ்சு அந்த சமயத்துல மட்டும் இத தொறக்காதீங்க. அந்த நேரத்துல இது தப்பா வழி காட்டும், கூட இருக்கற நம்பிக்கையான ஒரு ஆள் கிட்ட பேசுங்க.

டெவலப்பர்ஸ் இத படிச்சா ரெண்டே வேண்டுகோள். மூஞ்சிக்கு பக்கத்துல "இன்னிக்கு செஞ்சதுல எது உங்களுக்கு அர்த்தமா இருந்துச்சு"ன்னு ஒரு கேள்வி வைங்க. அப்புறம், நாங்க எழுதினத அன்னிக்கே மூடோட கோத்து விடாதீங்க, ஒரு வருஷம் கழிச்சு அதே என்ட்ரிய எடுத்து காட்டி, "இத திரும்ப செய்வீங்களா"ன்னு மட்டும் கேளுங்க. இப்போதைக்கு 5க்கு 3 ஸ்டார், அந்த ரெண்டும் வந்தா மாத்திப் போடறேன்.