கைத்தடியா, வாக்கரா, வீல்சேரா? ராயபுரத்து வீட்டுக்குள் ஒரு அலசல்

அம்மாவுக்கு 74 வயது. இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம், வலது காலில் கொஞ்சம் அதிகம். ராயபுரத்தில் எங்களுடையது பழைய வீடு. ரோட்டின் மேல் ரோடு போட்டுப் போட்டு வாசல் பள்ளத்தில் இறங்கிவிட்டது, தெருவுக்குப் போக இரண்டு படி ஏற வேண்டும். ஒன்றரை வருஷத்தில் இந்த வீட்டுக்குள் எல்லாவற்றையும் ஒரு கை பார்த்துவிட்டோம்.

முதலில் வாங்கியது வாக்கர். "இன்னாடா இது, நடைவண்டி வாங்கினு வந்துகிற?" என்றார் அம்மா. கிண்டல் இருக்கட்டும், பாரம் தாங்குவதில் அதை மிஞ்ச எதுவும் இல்லை. வாக்கரை முன்னால் வைத்து, வலிக்கிற காலை எடுத்து வைத்து, அப்புறம் நல்ல கால். உடம்பின் கனத்தை இரண்டு கைகளிலும் இறக்கலாம். கூடத்தில் ஜோராக நடந்தார்.

சிக்கல் பாத்ரூம் வாசலில். வாக்கரின் அகலம் 22 அங்குலம், கதவின் திறப்பு 21. அந்த ஒரு அங்குலத்துக்காக அம்மா அதைப் பக்கவாட்டில் திருப்பி நண்டு மாதிரி நடக்க ஆரம்பித்தார். வாக்கர் உடம்புக்கு முன்னால் இருந்தால்தான் தாங்கும். பக்கவாட்டில் போனால் அதுவே காலைத் தட்டிவிடும். நாற்காலியிலிருந்து எழும்போதும் அதையே பிடித்து இழுப்பார், அது சாயும். நாற்காலிக் கையை அழுத்தித்தான் எழ வேண்டும், நின்ற பிறகுதான் வாக்கர். இதைப் பழக்கவே ஒரு மாதம் ஆனது. இரண்டு கையும் அதிலேயே இருப்பதால், முன்னால் ஒரு துணிப்பை கட்டினோம். மாத்திரையும் போனும் அதில் போகும். காபி போகாது, அந்த வருத்தம் அம்மாவுக்கு இன்னும் தீரவில்லை.

அடுத்து நாலு கால் தடி. விட்டாலும் நிற்கும், பக்கவாதத்தில் ஒரு பக்கம் பலம் குறைந்தவர்களுக்கு நல்ல துணை. ஆனால் நாலு காலும் ஒன்றாகத் தரையில் படிய வேண்டும். எங்கள் முற்றத்துக் கடப்பைக் கல் மேடு பள்ளம், அங்கே அது ஆடியது. குறுகலான படியில் நாலு காலுக்கும் இடம் இல்லை.

சாதாரணக் கைத்தடிதான் கடைசியில் ஜெயித்தது. ஆனால் வலது கால் வலி என்பதால் வலது கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். அது தப்பு, எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட்தான் திருத்தினார். கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பு உயரத்தில் இருக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். அடியில் உள்ள ரப்பர் புஷ் வழவழவென்று ஆகிவிட்டால் உடனே மாற்ற வேண்டும், ஈரத் தரையில் அது வழுக்கும். இரண்டு காலும் தாங்காத நிலை வந்தால் மட்டும் தடி போதாது. அப்போது கதவை அகலப்படுத்திவிட்டு வாக்கருக்கே திரும்புவேன்.

வீல்சேரை வாங்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றைக்கு வாடகைக்கு எடுங்கள். ஒரு அடி உயர வாசலுக்குச் சரிவு போட வேண்டுமென்றால் 12 அடி நீளம் வேண்டும். எங்கள் தெருவே அவ்வளவு அகலம் இருக்குமா தெரியாது. போதாததற்கு, கடல் காற்றில் இரும்பு நாற்காலி சீக்கிரம் துருப்பிடிக்கும்.

இத்தனைக்கும் மேலே, அதிகம் உதவியது நடக்க உதவும் சாமானே இல்லை. பாத்ரூம் சுவரில் போட்ட கைப்பிடிக் கம்பி. முன்பு அம்மா பிடித்து எழுந்தது துண்டு போடுகிற கம்பியை. ஒருநாள் அது கையோடு வந்துவிட்டது. நல்லவேளை, பின்னால் நான் நின்றிருந்தேன். பழைய சுண்ணாம்புச் சுவர் சாதாரண ஸ்க்ரூவைப் பிடிக்காது, பூச்சை உடைத்துச் செங்கல் வரை போய் சிமென்ட்டில் பதிக்க வேண்டும். மேஸ்திரி அப்படித்தான் பதித்தார். காய்ந்ததும் அம்மா வந்து பார்த்தார்.

"நீ மொதல்ல தொங்கிக் காட்டு நைனா."

மேஸ்திரி தொங்கினார். கம்பி அசையவில்லை.