வாத்துக் குஞ்சின் காலுக்கு எதை வாங்கலாம்? ஈஸ்ட் தூள், நயாசின் மாத்திரை, பி-காம்ப்ளெக்ஸ் திரவம்

முதல் வாரம் துறுதுறுவென்று ஓடிய வாத்துக் குஞ்சு இரண்டாம் வாரத்தில் தாங்கித் தாங்கி நடக்கிறது. கணுக்கால் மூட்டு தடித்திருக்கிறது. நாலு அடி வைத்ததும் உட்கார்ந்துவிடுகிறது, தீவனத் தட்டுக்கு வரக்கூட எழுவதில்லை. இப்படி இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நயாசின் குறைவை, அதாவது வைட்டமின் பி3 குறைவை. இதற்குக் கடையில் கிடைப்பவை ப்ரூவர்ஸ் ஈஸ்ட் (பீர் தயாரிப்பில் கிடைக்கும், உயிரற்ற ஈஸ்ட்) தூள், நயாசின் மாத்திரை, பல பி வைட்டமின்கள் கலந்த பி-காம்ப்ளெக்ஸ் திரவம். மூன்றில் எதை வாங்கினாலும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் மதிப்பீட்டில் ஈஸ்ட் தூள் வருமுன் காப்பதற்கு. படுத்துவிட்ட குஞ்சுக்கு மாத்திரைதான் சரி. திரவத்தைப் பற்றி, லேபிளைப் படிக்காமல் ஒன்றும் சொல்ல முடியாது.

கோழிக் குஞ்சுக்கு எளிதில் வராத இந்தத் தொல்லை வாத்துக்கு ஏன் வருகிறது? டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து கோழி ஓரளவு நயாசினைத் தானே தயாரித்துக்கொள்ளும். வாத்தின் ஈரலில் பிகோலினிக் கார்பாக்சிலேஸ் என்ற நொதி வீரியமாக இருப்பதால் அந்த டிரிப்டோஃபான் வேறு வழியில் செலவாகிவிடுகிறது. அதனால்தான் வாத்துக் குஞ்சின் தீவனத்தில் கிலோவுக்கு 55 மில்லிகிராம் நயாசின் தேவை. முட்டைக் கோழிக் குஞ்சுக்கு 27 போதும். மக்காச்சோளத்திலும் கோதுமையிலும் நயாசின் உண்டு என்றாலும், பெரும்பகுதி பிணைந்த நிலையில் இருப்பதால் உடம்பில் சேர்வதில்லை. கோழித் தீவனத்தை வாங்கி வாத்துக்குப் போடுகிறவர்கள் பாதித் தேவையைத்தான் கொடுக்கிறார்கள்.

ஈஸ்ட் தூளுக்கு வருவோம். எதுவும் சேர்க்காத ப்ரூவர்ஸ் ஈஸ்டில் 100 கிராமுக்குச் சுமார் 35 மில்லிகிராம் நயாசின் இருக்கும், தயாரிப்புக்குத் தயாரிப்பு கூடும் குறையும். 150 கிராம் கோழிக்குஞ்சுத் தீவனத்தில் 15 கிராம் தூள், அதாவது ஏறத்தாழ ஒன்றரை மேசைக்கரண்டி கலந்தால், கலவை கிலோவுக்கு 55 என்ற அளவை எட்டிவிடும். வாத்துக்கென்றே தயாரித்த தீவனம் என்றால் பையில் நயாசின் அளவைப் பாருங்கள். 55 இருந்தால் தூளே வேண்டாம்.

வாங்கும்போது பெயரில் கவனம் தேவை. ரொட்டி சுடும் ஈஸ்ட் உயிருள்ளது, ஈரம் பட்டதும் நொதிக்கும். அது கூடவே கூடாது. நியூட்ரிஷனல் ஈஸ்ட் என்று வருவதில் பல தயாரிப்புகளுக்கு வைட்டமினைத் தனியாகச் சேர்த்திருப்பார்கள். அவற்றில் நயாசின் பல மடங்கு இருக்கலாம் என்பதால் மேலே சொன்ன கரண்டிக் கணக்கு பொருந்தாது, லேபிளில் உள்ள மில்லிகிராமை வைத்துக் கணக்கிட வேண்டும். நாய்களுக்காகப் பூண்டு கலந்து விற்கும் ஈஸ்டையும் தவிர்த்துவிடுங்கள்.

தூளின் பெரிய குறை, தீவனத்தில் ஒட்டாதது. உலர்ந்த குருணைத் தீவனத்தில் கலந்தால் தட்டை இரண்டு முறை தட்டியதும் தூள் முழுக்க அடியில் போய்ச் சேரும். குஞ்சு மேலே உள்ளதைத் தின்றுவிட்டுப் போய்விடும். ‘ஈஸ்ட் போட்டும் கால் சரியாகவில்லை’ என்ற புகார்களில் பல இங்கேதான் தொடங்குகின்றன. தீவனத்தில் தண்ணீர் தெளித்து, கையில் பிடித்தால் பிடிபட்டு, விட்டால் உதிரும் பதத்துக்குக் கொண்டுவந்த பிறகு தூளைப் பிசறுங்கள். ஈரத் தீவனத்தை மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் தட்டில் விடக் கூடாது. ஈரத்தில் பூஞ்சை வளரும். அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு வாத்துக் குஞ்சைத் தாக்குவதுபோல மற்றப் பறவைகள் பலவற்றைத் தாக்குவதில்லை. கால் வலுக்க வேண்டும் என்று போட்டது ஈரலைக் கெடுத்துவிடும்.

கால் ஏற்கெனவே வளைந்துவிட்ட குஞ்சுக்கு ஈஸ்ட் போதாது. நடக்க முடியாத குஞ்சு குறைவாகத் தின்னும், குறைவாகத் தின்றால் தூளும் குறைவாகவே உள்ளே போகும். இங்கே மாத்திரை வெல்கிறது. ஒரு கணக்கு: பீக்கின் என்ற இனத்து வாத்துக் குஞ்சு முதல் வாரத்தில் நாளொன்றுக்குச் சுமார் 30 கிராம் தீவனம் எடுக்கும். அதற்கான நயாசின் தேவை 2 மில்லிகிராமைக்கூட எட்டாது. மாத்திரையோ 500 மில்லிகிராம். அதை உடைத்து ஒரு துணுக்கைத் தட்டில் போடுவது வெறும் குருட்டு மதிப்பு. மாத்திரையை நன்றாகப் பொடித்து 500 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம். கலங்கலாக அடியில் நிற்பது பெரும்பாலும் மாத்திரையின் இணைப்புப் பொருள், அதை வடிகட்டிவிடலாம். குறைபாடு தெரிகிற குஞ்சுக்கு நாளுக்கு 10 மில்லி, இரண்டு வேளையாகப் பிரித்து, சிறிதளவு தீவனத்தில் ஊற்றி, தட்டைக் குஞ்சின் முன்னாலேயே கொண்டுபோய் வையுங்கள். சிரிஞ்சால் வாய்க்குள் பீய்ச்சாதீர்கள். மூச்சுக்குழலின் வாய் நாக்கின் அடியிலேயே திறந்திருப்பதால் திரவம் நுரையீரலுக்குப் போய்விடும்.

நயாசினின் இரு வடிவங்களான சாதாரண நிகோடினிக் அமிலமும் நிகோடினமைடும் இரண்டுமே பயன்படும். தண்ணீரில் எளிதாகக் கரைவது நிகோடினமைடு. ‘மெதுவாக வெளியிடும்’ வகை வேண்டாம், பொடித்தால் அதன் அமைப்பே கெட்டுவிடும். ‘தோல் சிவக்காத’ வகை என்று வருவது இனாசிட்டால் ஹெக்சாநிகோடினேட். அதிலிருந்து நயாசின் எவ்வளவு பிரிந்து வரும் என்று நம்பிக் கொடுக்க முடியாது, அதையும் விட்டுவிடுங்கள்.

பல குஞ்சுகள் இருந்தால் குடிநீரில் கலப்பது வசதி. 4 லிட்டருக்கு ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை என்பது சிகிச்சைக்கும், அதில் நாலில் ஒரு பங்கு தடுப்புக்கும் சரியான அளவு. நயாசின் வெளிச்சத்திலோ சூட்டிலோ எளிதில் கெடாது. ஆனால் வாத்துக் குஞ்சு குடிப்பதைவிடச் சிந்துவதும் கலக்குவதும் அதிகம். எது எவ்வளவு குடித்தது என்று தெரியாது, தண்ணீரைத் தினமும் மாற்றியாக வேண்டும். ஒரே ஒரு குஞ்சுதான் நோயாளி என்றால் தீவன வழியே மேல்.

பி-காம்ப்ளெக்ஸ் திரவங்களில் தரம் எங்கெங்கோ நிற்கிறது. ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் நிகோடினமைடு உள்ளதும் உண்டு, பெயருக்குச் சில மில்லிகிராம் போட்டதும் உண்டு. வாங்குமுன் படிக்க வேண்டிய ஒரே வரி அதுதான். இதற்கு ஒரு நல்ல இடமும் இருக்கிறது. விரல்கள் உட்புறமாகச் சுருண்டிருந்தால் ரிபோஃபிளேவின், அதாவது வைட்டமின் பி2 குறைவாக இருக்கலாம், அப்போது வெறும் நயாசின் மாத்திரை உதவாது. ரிபோஃபிளேவின் வெளிச்சத்தில் சிதையும், எனவே கண்ணாடிப் பாத்திரத்தில் வெயிலில் வைக்காதீர்கள். கோழிகளுக்கான பொது வைட்டமின் கலவையை மட்டும் இரட்டிப்பாகக் கொடுக்கவே கூடாது. நயாசினின் மிகுதி சிறுநீரகம் வழியே போய்விடும், ஆனால் அந்தக் கலவையிலுள்ள ஏ, டி3 வைட்டமின்கள் இரண்டும் உடம்பில் தேங்கி நஞ்சாகும்.

பச்சைப் பட்டாணியைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. 100 கிராமில் 2 மில்லிகிராம்தான் நயாசின். குஞ்சு ஆசையாகத் தின்னும், மருந்தாகாது.

மருந்தோடு தரையையும் மாற்றுங்கள். செய்தித்தாள் போன்ற வழுக்கும் விரிப்பில் கால்கள் பக்கவாட்டில் விரிந்துபோகும், எந்த வைட்டமினும் அதைக் கட்டாது. ரப்பர் பாய் அல்லது சொரசொரப்பான துணி போடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து முதல் பத்து நிமிடம், பக்கத்திலேயே இருந்து மிதக்க விட்டால் உடல் எடை தாங்காமலே கால் தசை வேலை செய்யும். தாயில்லாத குஞ்சின் இறகு எளிதில் நனைந்துவிடும், எடுத்ததும் துடைத்துச் சூடு காட்ட வேண்டும்.

லேசான குறைபாடு ஓரிரு நாளில் தேறத் தொடங்கும். நடை சீரானதும் மாத்திரையை நிறுத்தி ஈஸ்டுக்கு மாறி, பத்து வாரம் வரை தொடருங்கள். ஈஸ்டில் கிட்டத்தட்ட பாதி புரதம் என்பதால், மூன்றாம் வாரத்துக்குப் பிறகு அதிகப் புரதத் தீவனத்தோடு அளவின்றிச் சேர்த்தால் இறக்கை நுனி வெளிப்பக்கம் திரும்பும் கோளாறு வரக்கூடும்.

மூன்று நாளில் எந்த மாற்றமும் இல்லையென்றால் இன்னொரு மாத்திரை வாங்காதீர்கள். மூட்டின் பின்புறத் தசைநார் பள்ளத்திலிருந்து விலகி, கால் ஒரு பக்கமாகத் திருகியிருந்தால் மாங்கனீஸ், கோலின் ஆகிய சத்துகளின் குறைவாக இருக்கலாம். விலகிய அன்றே மருத்துவர் அதைத் திரும்ப வைக்க வாய்ப்பு உண்டு, நாள் போனால் இல்லை. அலகு ரப்பர் போல வளைந்தால் வைட்டமின் டி, கால்சியம், பாஸ்பரஸ் கோளாறு. மூட்டு சூடாக வீங்கியிருந்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம். கழுத்தும் துவண்டு தலையைத் தூக்க முடியவில்லை என்றால் பாட்டுலிசம் என்ற பாக்டீரியா நச்சு தாக்கியிருக்கக்கூடும். அந்தக் குஞ்சை அந்த நிமிடமே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.