அம்மப்பாவின் 16 போர் துவக்கு: தோட்டாவுக்கு என்ன வழி?

அக்கரைப்பற்றுக்கு மேற்கே மாமாவுக்கு வட்டையில் கொஞ்சம் வயல் இருக்கிறது. வேளாண்மை குடலைக்கு வந்தால் இரவில் பன்றி இறங்கும், சில நாள் யானையும் வரும். அம்மப்பா விட்டுப்போன இரட்டைக் குழல் துவக்கு மாமாவிடம்தான் இருக்கிறது. அனுமதிப்பத்திரத்தை வருடம் தவறாமல் புதுப்பிக்கிறார். தோட்டாதான் இல்லை. "12 போர் எண்டால் கேட்டு எடுக்கலாம் மருமகன். இது 16. ஒரு வழி பார்த்துச் சொல்லு" என்றார்.

பார்த்தேன். வழி நான்கு இருக்கிறது. ஆனால் வழியைப் பார்க்கும் முன் துவக்கைப் பார்க்க வேண்டும்.

போர் என்பது குழலின் உள் அகலத்துக்கான அளவு. ஒரு இறாத்தல் ஈயத்தை 16 சம உருண்டைகளாக்கினால், அதில் ஒரு உருண்டையின் பருமன்தான் 16 போர் குழல். அதனால்தான் எண் கூடக்கூடக் குழல் ஒடுங்குகிறது. மாமாவின் துவக்கில் முட்டை வடிவ வளையத்துக்குள் ஈ.எல்.ஜி. என்ற எழுத்துகள் இருந்தன. அது பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனை முத்திரை. இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையற்ற மருந்துக்கும் சோதித்திருந்தால் சிங்கமும் பி.வி. எழுத்தும் இருக்கும். எண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்துத் தேடினோம், இல்லை. துடைத்த இடத்தில் குழல் முழுக்கப் பாய் பின்னியதுபோல் வரி தெரிந்தது. இரும்பையும் உருக்கையும் முறுக்கிச் சுற்றிக் காய்ச்சி ஒட்டிய டமாஸ்கஸ் குழல். கறுப்பு மருந்துக் காலத்துப் பொருள்.

முதல் வழி, பழைய கோதுகளை, அதாவது சுட்ட பிறகு மிஞ்சும் வெற்றுத் தோட்டாக் கூடுகளை, கையால் மீள நிரப்புவது. வெளிநாடுகளில் அனுமதியோடு இதைச் செய்கிறவர்களை நான் மதிக்கிறேன். பொறுமையும் அளவும் கேட்கும் கைவேலை அது. ஆனால் எல்லாம் கோதில்தான் நிற்கிறது. பெர்டன் வகைக் கோதில், கேப்பு (அடிபட்டதும் தீப்பொறி தந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) அடிபடும் முனை கோதோடு சேர்ந்தே இருக்கும், நெருப்புப் போகும் துளை இரண்டு, நடுவில் இல்லை. கம்பியால் குத்திப் பழைய கேப்பைத் தள்ள முடியாது. பொக்ஸர் வகையில் துளை ஒன்று, நடுவில் இருக்கும், வேலை சுலபம். பெர்டன் அமெரிக்கர், பொக்ஸர் ஆங்கிலேயர். ஆனாலும் அமெரிக்காவில் நிலைத்தது பொக்ஸர் கேப்பு, ஐரோப்பாவில் பரவியது பெர்டன் கேப்பு.

அம்மப்பாவின் பித்தளைக் கோதுகள் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. வயல் வாடியில், யூரியா மூட்டைக்குப் பக்கத்தில். ஒன்றை எடுத்து வெயிலுக்குப் பிடித்தேன். வாயிலிருந்து கீழே மயிரிழை போல ஒரு வெடிப்பு. இதற்குப் பழைய கதை உண்டு. இந்தியாவில் பிரித்தானியப் படை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்கள் தாமாகவே வெடிப்பு விட்டன. ஈரக்காற்றில் கலந்த அமோனியா, இழுவிசை தங்கிய பித்தளையை அரிக்கிறது என்ற விளக்கம் 1921இல் வந்தது. ஈரம்பட்ட யூரியாவும் அமோனியா விடும். மார்கழி மழையில் நம் வாடிகள் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த டின்னில் ஒரு கோதையும் நான் நம்ப மாட்டேன். அதோடு, இங்கே இலங்கையில் வெடிமருந்துக்கு 1956ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் இருக்கிறது. வீட்டு மேசையில் அனுமதியில்லாமல் செய்யும் வேலையல்ல இது.

இரண்டாவது, வேறு கோதை உருமாற்றுவது. 1871இல் பிரித்தானியப் படைக்கு வந்த மார்ட்டினி-ஹென்றி ரைபிளுக்கு இன்று பலர் 24 போர் பித்தளைக் கோதைச் சூடாக்கி இளக்கி, அச்சில் ஒடுக்கித்தான் கோது செய்கிறார்கள். அழகான வேலை. ரைபிள்காரருக்கு உயிர்நாடி, மாமாவுக்கு உதவாது.

மூன்றாவது, குழலுக்குள் சிறிய போர் உறை செருகி 20 போர் தோட்டா போடுவது. கேட்க இலேசாக இருக்கும். ஆனால் 20 போருக்கு அனுமதித்த உச்ச அழுத்தம் 16 போரைவிடக் கொஞ்சம் கூட. முறுக்குக் குழலின் வயதை உறை குறைக்காது. 20 போர் தோட்டாவை 12 போர் துவக்குக்காரர் வீட்டில் வைத்திருப்பதே எனக்குப் பயம். உறையில்லாத 12 போரில் தவறிப் போட்டால் அது உள்ளே வழுக்கிப்போய்க் குழல் ஒடுங்கும் இடத்தில் சிக்கும். பின்னால் 12 போரைப் போட்டுச் சுட்டால் குழல் கிழியும், பிடித்த கையும் போகும். 20 போர் கோதை மஞ்சளாகச் செய்யும் வழக்கம் இதற்காகத்தான்.

நான்காவது, புதிய 16 போர் தோட்டா தேடி எடுப்பது. மாமாவுக்குப் பிடித்தது இதுதான். எங்கோ கிடைத்த வெற்றுக் கோது ஒன்றைக் காட்டி, "இது மாதிரித்தான் புதுசும், உள்ள போகும்" என்றார். கோதின் பக்கத்தில் 70 என்று அச்சிட்டிருந்தது. அது சுட்ட பிறகு வாய் விரிந்த நீளம். சுடாத தோட்டா மடிப்போடு 60 மில்லிமீற்றருக்குக் கிட்டத்தான் இருக்கும். குழலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் அறையை அளந்தோம்: 65 மில்லிமீற்றர். அதாவது சுடாத தோட்டா வழுவழுவென்று உள்ளே போகும், சுடும்போது வாய் விரிய இடமிருக்காது, அழுத்தம் ஏறும். உள்ளே போகிறது என்பதற்காக அது அந்தத் துவக்கின் தோட்டா ஆகிவிடாது. நான்கிலும் ஆகக் கூடுதலாகப் பயப்பட வேண்டியது இதற்குத்தான் என்பேன், ஏனென்றால் கண்ணுக்கு ஒரு பிழையும் தெரியாது.

வேறொரு 16 போர், உருக்குக் குழல், புகையற்ற மருந்து முத்திரை, துவக்குத் திருத்துபவர் அளந்த 70 மில்லிமீற்றர் அறை என்றால் நான்காவது வழியையே சொல்லியிருப்பேன். இந்தத் துவக்குக்கு ஒன்றும் சொல்லவில்லை. பன்றிக்குக் காவலும் வெளிச்சமும், யானைக்கு வனசீவராசிகள் திணைக்களம் தரும் யானை வெடியும் போதும் என்றேன்.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு துவக்கை மடித்து இரண்டு குழலும் வெறுமையா என்று பார்த்து, எண்ணெய் பூசி, அலுமாரியில் வைத்துப் பூட்டினார். டின்னைப் பொலிசில் ஒப்படைக்க அடுத்த நாள் காலையில் இருவருமாகப் போனோம்.