அமர்வு நிறுத்த வழக்கை முழுமையாகக் காண: பிரித்தானிய உச்ச நீதிமன்றத்தின் காணொளிச் சேவை

பாராளுமன்ற அமர்வை நிறுத்தும் அதிகாரத்துக்கு எல்லை உண்டா என்று அறிய விரும்புவோருக்கு, பிரித்தானிய உச்ச நீதிமன்றம் தன் இணையத்தளத்தில் கட்டணமின்றி வழங்கும் விசாரணைக் காணொளிகளை மனமுவந்து பரிந்துரைக்கிறேன். அவற்றுள், 2019 செப்டெம்பர் 17 முதல் 19 வரை பதினொரு நீதியரசர்கள் விசாரித்த அமர்வு நிறுத்த வழக்கே மிகவும் பயனுள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் நாளாக ஒக்டோபர் 31 குறிக்கப்பட்டிருந்த வேளையில், பிரதமர் பொரிஸ் ஜோன்சனின் ஆலோசனைப்படி பாராளுமன்றம் ஒக்டோபர் 14 வரை, அதாவது ஐந்து வாரங்களுக்கு, நிறுத்தப்பட்டிருந்தது.

செப்டெம்பர் 24 அன்று நீதிமன்றத் தலைவர் ஹேல் வாசித்த தீர்ப்புச் சுருக்கத்தை முதலில் பார்ப்பது நல்லது. பாராளுமன்றம் தன் கடமைகளைச் செய்வதை நியாயமான காரணமின்றித் தடுக்கும் விளைவு ஓர் அமர்வு நிறுத்தத்துக்கு இருந்தால் அது சட்டவிரோதம் என்பதைச் சட்டம் பயிலாதவரும் விளங்கிக்கொள்ளும் தெளிவுடன் அவர் சொல்கிறார். பிரதமரின் உள்நோக்கத்தைத் துருவாமல் செயலின் விளைவையே அளந்த இந்த அணுகுமுறைதான் இத்தீர்ப்பின் வலிமை என்பது என் கருத்து. நிறுத்தத்துக்குக் காரணமாக அரசு சொன்ன, புதிய கொள்கை உரையைத் தயாரிக்கும் வேலைக்கு வழக்கமாக நான்கு முதல் ஆறு நாட்களே போதும் என்ற முன்னாள் பிரதமர் ஜோன் மேஜரின் சாட்சியத்துக்கு முன்னால், ஐந்து வாரங்களுக்கு ஏற்கத்தக்க காரணம் எதுவும் மிஞ்சவில்லை.

இது அரசியல் விவகாரம், இதை அளக்க நீதிமன்றத்திடம் அளவுகோல் இல்லை என்ற அரசுத் தரப்பு வாதத்தையும் தவறவிடக் கூடாது. எதிர்த்தரப்பின் சட்டத்தரணி பன்னிக் பிரபு அதற்கு விடை தேடும் விதம் அப்போதுதான் சுவைக்கும்.

இலங்கை வாசகருக்கு இவ்வழக்கு இன்னும் நெருக்கமானது. நம் அரசியலமைப்பின் 70ஆம் உறுப்புரை, அமர்வை நிறுத்தும் பிரகடனத்திலேயே அடுத்த கூட்டத்தொடருக்கான நாளைக் குறிக்க வேண்டும் என்றும், அது இரண்டு மாதங்களைத் தாண்டக் கூடாது என்றும் விதிக்கிறது. 2018 ஒக்டோபர் 27 அன்று சனாதிபதி மைத்திரிபால சிறிசேன நவம்பர் 16 வரை அமர்வை நிறுத்தியபோது அந்தக் கால எல்லை மீறப்படவில்லை. ஆனால், புதிய பிரதமருக்குப் பெரும்பான்மை உண்டா என்று சபை உடனே சோதிக்க வழியில்லாது போயிற்று. நாட்களின் எண்ணிக்கை மட்டும் காவலாகாது என்பதால்தான் விளைவைப் பார்க்கும் அந்த அளவுகோலை நாம் பயில வேண்டும் என்கிறேன்.

விசாரணை முழுவதும் சட்ட ஆங்கிலத்தில் நடப்பதால், தளத்திலுள்ள ஊடகச் சுருக்கத்தையும், அந்த அளவுகோலை வகுக்கும் தீர்ப்பின் 50ஆவது பந்தியையும் வாசித்துவிட்டுக் காணொளிக்குச் செல்வது வசதியானது.