சிஸ்கோ யூனிட்டி கனெக்ஷன்: யார் யாருக்கு வாய்ஸ் மெயில் அனுப்பலாம்ங்கிற கன்ட்ரோல் எப்படி இருக்கு?

எங்க ஹாஸ்பிடல்ல வாய்ஸ் மெயிலுக்கு யூனிட்டி கனெக்ஷன் தான் ஓடுது, அதை பாத்துக்கிறது என் வேலை. நான் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பேசுறேன், உள்ளுக்குள்ள யார் யாருக்கு மெசேஜ் அனுப்பலாம்னு கட்டுப்படுத்துறது. இதுல நான் பாத்த வரைக்கும் இதை அடிச்சுக்க ஆளில்ல, ஆனா செட் பண்றவங்க ஒழுங்கா பண்ணணும்.

முதல்ல எங்களுக்கு போட்டுக் குடுத்த வெண்டார் இன்ஸ்டால் ஆகும்போது தானா வர்ற ஒரே பார்ட்டிஷன்லயே (யூசர்களை பிரிச்சு வைக்கிற குழு) மொத்த பேரையும் போட்டுட்டு போய்ட்டாங்க. ஷிஃப்ட் மாத்துறது, கேன்டீன் பாக்கின்னு எல்லாமே டாக்டருங்க மெயில்பாக்ஸ்ல வந்து விழும், அப்புறம் அவங்க கேக்கறதையே விட்டுட்டாங்க, லேப்ல இருந்து வர்ற அவசர ரிசல்ட்டும் அதே குவியல்ல தானே கிடக்கும்? அதனாலதான் இது எனக்கு சின்ன விஷயமா தெரியல.

விஷயம் ரெண்டுதான், பார்ட்டிஷன், சர்ச் ஸ்பேஸ். ஒரு யூசர் ஒரு பார்ட்டிஷன்ல இருப்பாரு. அவர் யாரையெல்லாம் தேட முடியும்ங்கிறதை சர்ச் ஸ்பேஸ் சொல்லும், அதுல பல பார்ட்டிஷனை வரிசையா அடுக்கலாம். ரெண்டும் தனித்தனியா இருக்கறதால ஒருவழிப் பாதை போட முடியுது பாருங்க, அதுதான் இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது. எம்.டி.யோட (மேனேஜிங் டைரக்டர்) சர்ச் ஸ்பேஸ்ல டாக்டர், நர்ஸ், லேப், பில்லிங் எல்லாம் இருக்கு, அவர் யாருக்கு வேணா அனுப்பலாம், ஆனா பில்லிங் சர்ச் ஸ்பேஸ்ல எம்.டி. பார்ட்டிஷன் இல்ல, அங்கிருந்து அவர் பேரை அடிச்சாலும் நம்பரை அடிச்சாலும் அப்படி ஒருத்தரே சிஸ்டத்துல இல்லாத மாதிரிதான் இருக்கும். லேப்காரங்களுக்கு டாக்டர் பார்ட்டிஷன் திறந்திருக்கு, கேன்டீனுக்கு இல்ல. புதுசா சேர்றவங்களுக்கு யூசர் டெம்ப்ளேட்லயே (புது யூசரை உருவாக்குற மாதிரிப் படிவம்) ரெண்டையும் வச்சிட்டா போதும், ஒவ்வொருத்தரா போய் மாத்த வேண்டியதில்ல.

ஆஸ்டெரிஸ்க்ங்கிற போன் சாஃப்ட்வேர்லயும் மெயில்பாக்ஸ்களை காண்டெக்ஸ்ட் காண்டெக்ஸ்ட்டா, அதாவது தனித்தனி குழுவா பிரிக்கலாம், ஃப்ரீதான், ஒரே பில்டிங்ல ரெண்டு கம்பெனின்னா தாராளமா போதும். ஆனா அங்க ஒரே காண்டெக்ஸ்ட்டுக்குள்ள இருக்கற எல்லாருக்கும் அனுப்பலாம், வெளிய இருக்கறவனுக்கு முடியாது, அவ்வளவுதான். மேல இருந்து கீழ மட்டும்னு சொல்ல நேரடி வழி இல்ல.

வாங்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியதும் இருக்கு. சர்ச் ஸ்பேஸ் தடுக்கிறது மெயில்பாக்ஸ்குள்ள லாகின் பண்ணி இன்னார்க்கு அனுப்புன்னு சொல்றதை மட்டும்தான். நேரா எக்ஸ்டென்ஷனுக்கு போன் போட்டு, அவர் எடுக்காம வாய்ஸ் மெயிலுக்கு போச்சுன்னா பீப் சத்தத்துக்கு அப்புறம் தாராளமா பேசிட்டு வைக்கலாம். அதை நிறுத்தணும்னா கால் மேனேஜர்லயே (போன் கால்களை கவனிக்கிற சிஸ்கோ சிஸ்டம்) யார் யாரை கூப்பிடலாம்னு வெட்டணும், அங்கயும் பார்ட்டிஷன்னு ஒண்ணு இருக்கு ஆனா அது வேற இது வேற, போட்டு குழப்பிக்காதீங்க. அதே மாதிரி மெசேஜ் இ-மெயில்ல வேவ் ஃபைலா (ஒலி ஃபைல்) போற மாதிரி வச்சிருந்தா, கைக்கு வந்ததை யாருக்கு வேணா ஃபார்வர்ட் பண்ணலாம், சர்ச் ஸ்பேஸ் அங்க ஒண்ணும் பண்ணாது. நோயாளி விவரம் பேசுற இடம்னா செக்யூர் மெசேஜிங்கையும் ஆன் பண்ணுங்க.

டிஸ்ட்ரிபியூஷன் லிஸ்ட்டை, அதாவது ஒரே தடவைல பலருக்கு அனுப்புற லிஸ்ட்டை, நிறைய பேர் கவனிக்கறதே இல்ல. எல்லா யூசரும் இருக்கற லிஸ்ட் ஒண்ணு முதல்லயே வந்துடும், அதுக்கும் ஒரு பார்ட்டிஷன் உண்டு, அதை அப்படியே விட்டா ஆளாளா அடைச்சு வச்சதெல்லாம் வீண். லிஸ்ட்டை தனி பார்ட்டிஷனுக்கு மாத்துங்க, கூடவே கிளாஸ் ஆஃப் சர்வீஸ்ல (யாருக்கு என்னென்ன அனுமதின்னு சொல்ற செட்டிங்) லிஸ்ட்டுக்கு அனுப்புற டிக்கை தேவையில்லாதவங்களுக்கு எடுத்துடுங்க.

லைசென்ஸ் யூசர் கணக்குல, காசு கொஞ்சம் கூடத்தான் ஆகும். சின்ன ஆபீஸ்னா ஆஸ்டெரிஸ்க் பக்கம் போங்க. பெரிய இடம், மேல கீழன்னு அடுக்கு இருக்குன்னா இதை எடுங்க, ஆனா வெண்டாருக்கு பைசா செட்டில் பண்றதுக்கு முன்னாடி யாருக்கு யார் தெரியணும்ங்கிற அட்டவணையை எழுதிக் குடுத்து, ஒவ்வொரு டிபார்ட்மென்ட் போன்ல இருந்தும் அனுப்பிக் காட்டச் சொல்லுங்க.