வாயை மூடிக்கொள்வதா, பேசிவிடுவதா?

கேரளத்தில் வண்டிப்பெரியார் பக்கத்து எஸ்டேட் லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு வாசலில் செங்கொடி, அடுத்த வாசலில் காவிக்கொடி, அதற்கடுத்து காங்கிரஸ்காரர். மூவருக்கும் தண்ணீர்க் குழாய் ஒன்றுதான். அங்கே ஒத்துப்போக இரண்டு வழிகள்.

நமக்கெதுக்கு வம்பு என்று வாயை மூடிக்கொள்வது முதல் வழி. தேர்தல் வாரத்தில் அது கைகொடுக்கும். ஆனால், சபரிமலைக்கு எல்லா வயதுப் பெண்களும் போகலாம் என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, ஒரு வார்த்தை பேசாதவர்கள்தான் ஒருவரையொருவர் அதிகம் முறைத்துக்கொண்டார்கள். அவர் என்ன நினைக்கிறார் என்று நாமே கற்பனை செய்துகொண்டால் வேறென்ன ஆகும்?

எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி, கேட்டுப் பேசிவிடுவது. முல்லைப்பெரியாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 1895-ல் கட்டி முடித்த அணை; இருப்பது கேரளத்தில், தண்ணீர் தமிழ்நாட்டுக்கு. 142 அடி வரை தேக்கலாம் என்பது 2014 தீர்ப்பு. பக்கத்து வீட்டு மலையாளியிடம் "சேட்டா, உங்களுக்கு என்ன பயம்?" என்று கேட்டால், ராத்திரி மழை வலுத்தால் பிள்ளைகளை எழுப்பி உட்கார வைப்பதைச் சொல்வார். தேனிப் பக்கம் கம்பம் ஊரில் அண்ணனின் நெல் நாற்று காய்வதை நாமும் சொல்லலாம். பிறகு அணை வெறும் கட்சிப் பேச்சாக இருக்காது.

ஆனால் இதை டீக்கடையில் பத்துப் பேர் நடுவில் செய்யாதீர்கள். கூட்டம் கூடினால் யாரும் இறங்கி வரமாட்டார்கள். கடவுளைப் பற்றி வாதமே வேண்டாம். மாலை போட்ட சாமிகள் எருமேலியில் வாவர் பள்ளிவாசலைக் கும்பிட்டுவிட்டுத்தான் மலைக்குப் போகிறார்கள், எந்த விவாதமும் இல்லாமல்.

பிறப்பைச் சொல்லி ஏசுகிறவரிடம் மட்டும் முதல் வழியே போதும்.